ஊழியர் சலுகைச் சீட்டு

தேனிலவுக்கு மாவீ தீவு என்று பேசி வைத்திருந்தோம்.
விமானக் கட்டணத்தைப் பார்த்தோம்.
மேஜை இழுப்பறையில் சலுகைச் சீட்டு இரண்டு
சும்மா கிடப்பதாக மலாக்கி சொன்னான்.

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை
நான் மாலை போடுகிற வாசலில்
மாலைக்குக் கழுத்தை நீட்டி நின்றேன்.

புதிதாகச் சேர்ந்த பெண்.
குனியும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்,
இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள்
எல்லாருடைய சன்ஸ்கிரீனும் தலைவலியாகிவிடும்.
அவளுக்கு இதை யாரும் சொல்லவில்லை போல.
"அலோஹா" என்றாள்.
ஒரு நாளைக்கு எழுநூறு முறை நான் சொல்லும் சொல்.
திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பக்கத்தில் கேமராக்காரன்,
"இந்தப் பக்கம், சிரிங்க."
காதில் பூ இல்லாததால்
அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

சமோவா குடிலில் மலாக்கியின் இடத்தில் ஃபெட்டு.
கல்லால் ஒரே தட்டு, தேங்காய் இரண்டானது.
"எங்கள் ஊரில் ஆண்கள்தான் சமைப்போம்.
பெண்கள் ருசி பார்ப்பார்கள்.
பிறகு வேறு ஆணைத் தேடுவார்கள்."
இருநூறு பேர் சிரித்தார்கள்.
"அவசரப்படுகிறான்" என்றான் மலாக்கி என் காதில்.
"'பார்ப்பார்கள்' சொன்னதும் மூன்று எண்ண வேண்டும்."
அந்த வரியை எழுதியவன் அவன்.
போன ஞாயிறு எங்கள் அறையில்
முட்டை வேகவைக்கப்போய் வெடிக்கவிட்டவனும் அவன்தான்.

அடுத்தது டோங்கா. என் நாடு.
சிமெண்ட் தூண், மேலே தென்னங்கயிறு சுற்றியது.
நுக்குவாலோஃபாவில் எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை,
வாசலில் கதவில்லாத ஒரு டொயோட்டா.
தொப்பி போட்ட அம்மாள் ஒருத்தி கேட்டாள்,
"நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள்?"
"பின்பக்கத்திலிருந்து" என்றேன்,
கார் நிறுத்துமிடம் தாண்டி ஊழியர் குடியிருப்பு.
அவள் கையிலிருந்த வரைபடத்தில்
அந்தத் தீவைத் தேட ஆரம்பித்தாள்.

முரசடிக்க மூன்று ஆண்கள் வேண்டுமாம்.
விலியமி ஒரு கொரியக்காரரை இழுத்தான்,
ஒரு டெக்ஸாஸ்காரரை,
அப்புறம் கண்ணைச் சிமிட்டி மலாக்கியை.
தாளம் தப்பியது. குச்சி ஒன்று கைநழுவிப் பறந்தது.
கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது.
அது நடிப்பில்லை என்று தெரிந்தவர்கள்
விலியமியும் நானும் மட்டும்.
எங்கள் கல்யாணத்திலும் அப்படித்தான் அடித்தான்,
என் மாமன்மார் இன்னும் அதைப் பேசுகிறார்கள்.

படகில் வழக்கமான கேள்வி:
"புதுமணத் தம்பதிகள் யாராவது?"
இருவரும் தண்ணீரைப் பார்த்தோம்.
தண்ணீரில் ஒரு திலாப்பியா,
அதுவும் எங்களைப் பார்க்கவில்லை.
நாற்பத்தொன்றாம் ஆண்டு என்று கைதூக்கினார்கள்
பின்வரிசையில் ஒரு கனடா ஜோடி.
முத்தமிட்டார்கள். கைதட்டினோம்,
நாங்கள்தான் கடைசிவரை தட்டினோம்.

நான்கு மணி மழை நான்கு மணிக்கே வந்தது.
எல்லாரும் கடைப்பக்கம் ஓடினார்கள்.
எந்தக் கூரை ஒழுகாது என்று எங்களுக்குத் தெரியும்:
விறகு அடுக்கும் கொட்டகை.
மேலாளர் கண்ணுக்குப் படாமல்
இடைவேளைகளில் முதன்முதலாகப் பேசிக்கொண்ட இடம்.
இன்றைக்கு ஒளிய வேண்டியதில்லை.
ஆனாலும் மெதுவாகத்தான் பேசினோம்.

புகைப்படம் நாற்பது டாலர்.
"வேண்டாம்" என்றான், "வேண்டாம்" என்றேன்,
ஒரே நேரத்தில்.

மறுநாள் இரவு ஒன்பதரை.
விற்காத படங்களைக் கறுப்புப் பையில் கொட்டுவது
என் வேலைகளில் கடைசி.
தேனிலவுக்காரர்கள், பாட்டன் பேரன்கள்,
அழுகிற ஒரு குழந்தை,
அடியில் நாங்கள்.

என் முகத்தில் எழுநூற்றின் சிரிப்பு,
பல் எண்ணிக்கைகூட மாறவில்லை.
அவன் சிரிக்கவே இல்லை. கேமராவைப் பார்க்கவும் இல்லை.
வெள்ளிக்கிழமைக்குள் கடையில் திருப்ப வேண்டிய என் உடையில்
கைக்குக் கீழே விலைச்சீட்டு தொங்குகிறது.
யாருக்கும் தெரியாமல் அதை உள்ளே செருக
அவன் விரல் வந்துகொண்டிருக்கிறது,
இன்னும் தொடவில்லை.

பையைக் கட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.
கணக்கேட்டில் எறிந்தவை முந்நூற்றுப் பன்னிரண்டு
என்று எழுதினேன்.
ஒன்று குறையும்.