முந்நூற்றைம்பது ஃபில்ஸ்

மஹ்பூலா, கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்றாம் மாடி.
அறையில் ஏழு பேர், இரண்டு ஷிஃப்ட்.
படம் பார்க்கிற ஆப்புக்கு மாதம்
இரண்டு தினார் நானூற்றைம்பது.
ஏழால் வகுத்தால் மீதியில்லாமல்
தலைக்கு முந்நூற்றைம்பது ஃபில்ஸ்.
ஒரு பொட்டலம் குபூஸ், இரண்டு சாயா.
கணக்கு என்னிடம்.

"ஓசியில் கிடைப்பதற்கு
எவனாவது காசு கொடுப்பானா?"
கேட்டவர் அபூதாகிர்.
கேட்டுக்கொண்டே எண்ணி வைத்தார்,
நூறு, நூறு, நூறு, ஐம்பது.
பச்சையப்பன், சம்பளம் வந்ததும் என்றான்.
போன மாதமும் அதையேதான் சொன்னான்.

ஒரே நேரத்தில் இரண்டு திரைதான்.
மூன்றாமவன் திறந்தால்
யாரோ ஒருவனுடைய கதாநாயகி
பாதி அழுகையில் நின்றுபோவாள்.
சண்டை வரும்.
காலையில் குளியலறை வாசலில் விட்ட சண்டையும்
அதோடு சேர்ந்துகொள்ளும்.

ஜெபஸ்டின் மட்டும் ஆப்பைத் தொடுவதில்லை.
அவனிடம் இருப்பது திருட்டுப் பிரதி,
எந்த ஊர்க் கொட்டகையிலோ
எவனோ சட்டைப்பைக்குள் ஒளித்து எடுத்தது.
கோணலாய்ச் சரிந்த படம்,
சாயா நிறத்தில் வானம்.
"பளிங்கு மாதிரி நம்மகிட்ட இருக்கே,
இது எதுக்குடா?"

பதில் சொல்லாமல்
ஒரு காதுக்கு இயர்போனை நீட்டினான்.

நாயகன் கதவை உதைத்தான்,
விசில்.
எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது.
பின்வரிசையில் ஒருவர் விடாமல் இருமினார்.
ஒரு மணி பன்னிரண்டாம் நிமிடத்தில்
ஒரு தலை எழுந்து திரையை மறைத்தது.
"ஏய், உக்காருப்பா" என்றது கொட்டகைக்குள் ஒரு குரல்.
"உக்காருப்பா" என்றான் ஜெபஸ்டினும்,
மேல்கட்டிலில் படுத்தபடி.

தலை உட்கார்ந்தது.

அவன் தூங்கியதும்
அதே படத்தை ஆப்பில் போட்டேன்.
மழைத்துளி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.
நாயகன் கதவை உதைத்தான்.
கதவு உடைந்தது.
அப்புறம் எங்கள் ஏசியின் இரைச்சல்.
கண்ணசந்தபோது
'இன்னும் பார்க்கிறீர்களா?' என்று
திரை கேட்டுக்கொண்டு நின்றது.

மாதம் பிறந்து நோட்டை எடுத்தேன்.
பார்க்காதவனிடம் எப்படிக் கேட்பது?
அவன் பெயரைத் தாண்டிப் போனேன்.
விடிந்து பார்த்தால் என் தலையணை ஓரம்
ஏழு ஐம்பது ஃபில்ஸ் காசுகள்.
அவன் டூட்டிக்குப் போயிருந்தான்.

எதற்கு என்று குறிக்கிற கட்டத்தில்
'படம்' என்று எழுதி அடித்தேன்.
'டிக்கெட்' என்று எழுதி
அதையும் அடித்தேன்.
அபூதாகிர் எட்டிப் பார்த்து
"வரவு வந்துச்சுல்ல, விடு" என்றார்.

பச்சையப்பன் இந்த மாதமும்
சம்பளம் வந்ததும்தான்.