ஆறு நாவல், பதினைந்து வாரம்

பாடாங் செராய் தானியங்கி டோபியில்
எட்டாம் நம்பர் இயந்திரம்
என் போர்வைகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறது.
மடியில் படிவம்:
'பெண்ணும் உலகமயமும், புனைகதை வழி.'
ஆறு தலைப்புகள் வேண்டும்,
வெள்ளிக்கிழமைக்குள்.

பக்கத்து நாற்காலியில் பதினோரு நாவல்கள்.
பதினோரு கதாநாயகிகளில்
ஒன்பது பேர் விமானம் ஏறுகிறார்கள்.
மூன்று பேர் பெட்டிக்குள் திரும்பி வருகிறார்கள்.
ஒருத்தி முதல் பனியைப் பார்த்து அழுகிறாள்,
அந்த அழுகை மட்டும் நாற்பது பக்கம்.

இந்த ஊருக்கு உலகம் விமானத்தில் வரவில்லை.
பெட்ரோல் நிலையத்துக்கு எதிரே
காலை ஐந்து நாற்பதுக்கு
நீல நிறத் தொழிற்சாலை பஸ்ஸில் வந்தது.
இரவு வேலை முடிந்தவர்களை இறக்கிவிட்டு
அதே சூட்டில் இருக்கும் இருக்கைகளில்
வேறு பேரை ஏற்றிக்கொண்டு போகிறது.
ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை.
கையுறைக்கு இப்போது மரத்துப் பால்கூட வேண்டாமாம்,
ரசாயனம் கப்பலில் வருகிறது.

அறுநூறு பக்க நாவலை முதலில் நீக்கினேன்.
என் மாணவர்கள் பஸ்ஸில் படிக்கிறவர்கள்.
குலிம் வரை இருபத்தைந்து நிமிடம்,
பாதி வழி உள்ளே விளக்கில்லை.

அவர்களில் பரிமளாதேவி,
முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள்,
கையுறைக்குள் காற்றடைத்து ஓட்டை தேடுகிற வேலை.
போன மாதம் மூன்று புத்தகங்கள் கொடுத்துப் பார்த்தேன்.
நான் உயிராய் நினைத்ததை
ஒரே வாரத்தில் திருப்பித் தந்தாள்:
"டீச்சர், இந்தப் பொம்பள எந்நேரமும்
சன்னல் பக்கத்துலயே நிக்கிறா.
வேலைக்கு யாரு போறது?"

கோபம் வந்தது.
அந்தச் சன்னலைப் பற்றித்தான்
இருபத்திரண்டு பக்க ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறேன்,
அடிக்குறிப்புகளோடு.
வீட்டுக்குப் போய் எண்ணினேன்.
பதினேழு முறை நிற்கிறாள்.
அவள் சம்பளம் எவ்வளவு என்று
ஓரிடத்திலும் இல்லை.

பரிமளாவுக்குப் பிடித்தது வேறொன்று.
அதில் வருகிறவள்
தோழிகளின் கூட்டுப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு
எல்லை தாண்டிப் போய்
முடி அலங்காரக் கடை வைக்கிறாள்.
கடைசிப் பக்கம்வரை வருந்துவதில்லை.

ஞானசிகாமணி சார் கூட்டத்தில் கண்ணாடியைக் கழற்றினார்:
"இது யாருக்கு முன்மாதிரி?"

பதில் தெரியாமல் அவளிடமே கேட்டேன்,
அந்தக் கதாநாயகியை மன்னித்துவிட்டாயா என்று.
"நானா? கையில கெடச்சா கொன்னுருவேன்.
என் கூட்டுக் காசும் அப்படித்தான் போச்சு,
எட்டாயிரம் வெள்ளி.
ஆனா பஸ்ல படிக்கிறப்போ
அவ மாட்டிக்கக் கூடாதேன்னு
வயித்தப் புடிச்சிக்கிட்டே இருந்தேன் டீச்சர்."

முதல் கட்டத்தில் அதை எழுதிவிட்டேன்.
சன்னல்காரியை அடித்தேன்.
பிறகு மனசு கேட்காமல்
பென்சிலில் நான்காவதாகச் சேர்த்தேன்.

இயந்திரம் நிற்கிறது.
ஈரப் போர்வைகளை உலர்த்தியில் திணித்த பிறகுதான்
ஒரு டோக்கன் குறைவது தெரிகிறது.
அடுத்த வரிசையில் துணி மடிக்கிற வார்த்தினி,
மேடானிலிருந்து வந்தவள்,
தன்னுடையதை நீட்டுகிறாள்.
இத்தனை புத்தகமும் எதற்கு என்று மலாயில் கேட்கிறாள்.
பெண்களைப் பற்றி, குளோபலிசாசி பற்றி என்கிறேன்.

சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.
"என் ஏஜென்டு கம்பெனி பேரும் அதுதான்,
குளோபல் மாஜு.
மூன்று மாதச் சம்பளத்தோடு கடையை மூடிவிட்டான்.
உங்கள் புத்தகத்தில்
அவன் புது விலாசம் இருக்கிறதா?"

உலர்த்தி இருபத்தாறு நிமிடம் காட்டுகிறது.
மேலே இருந்த நாவலை எடுத்து
நிஜமாகவே
தேடத் தொடங்குகிறேன்.