கேட்டு போட்டிருக்கு

தேர்தல் தேதி அறிவித்த நாலாம் நாள்
துப்பாக்கியைக் கோணிச்சாக்கில் சுற்றி
ஸ்டேஷனில் ஒப்படைத்தேன்.
ஒற்றைக் குழல். பயிர்ப் பாதுகாப்புக்கு.
உரிமம் கோ. தையல்நாயகி பேரில்,
வயது அறுபதுக்கு ரெண்டு குறைவு.
ரைட்டர் மரியலூயிஸ் குழலுக்குள் ஒரு கண் வைத்துப் பார்த்து
"கடைசியா எப்பம்மா வெடிச்சீங்க?" என்றார்.
அவர் இருந்தப்ப, ஒரு பன்றிக்கு. படலை.
சிரித்துக்கொண்டே ரசீது கிழித்தார்.

உளுந்து எடுத்து முடிந்த மாசம்.
வெண்ணாற்றில் மணல்தான் ஓடியது.
ராத்திரி ஒன்று பத்துக்கு மின்விசிறி நின்றது.
கரண்ட் போனால் தெருவிளக்கும் போகும்.
ஜன்னலில் தெருவிளக்கு எரிந்தது.
மெயின் பெட்டி கொல்லைச் சுவரில்.
அங்கே போர்செட்டு ஒயரை யாரோ
அவசரமில்லாமல்
அறுத்து உருவுகிற சத்தம்.
நாய் குரைக்கவில்லை,
அதற்கு என்ன போட்டார்களோ.

நூறை அழுத்தினேன்.
சென்னையில் ஒரு பெண் எடுத்தாள்.
எந்த மாவட்டம், எந்தத் தாலுகா, லேண்ட்மார்க் சொல்லுங்க.
புளியமரத்துக்கு மேற்கே என்றேன்.
எந்தப் புளியமரம் என்றாள்.
தப்பாகக் கேட்கவில்லை.

அரை மணி கழித்து ஜீப்பிலிருந்து பேசினார்கள்:
"வந்துக்கிட்டே இருக்கோம்மா. கேட்டு போட்டிருக்கு."
நீடாமங்கலம் கேட்டு.
பிரசவ வலியோடு நின்றிருக்கிறார்கள் அங்கே,
பிணத்தோடும் நின்றிருக்கிறார்கள்.
இஞ்சினைக் கழற்றி முன்னும் பின்னும் இழுத்து
நெல் ஏற்றின கூட்ஸைக் கோத்துக்கொண்டிருந்தார்களாம்.
அதில் முப்பது மூட்டை என்னுடையதாகக்கூட இருக்கலாம்.

கைக்குக் கிடைத்தது தேங்காய் உரிக்கிற கடப்பாரை.
கதவுக்குப் பின்னால் ஓங்கினேன். தோள் நொடித்தது.
இறக்கினேன்.
மறுபடி ஓங்கினேன்.
காலில் அடிக்கலாம் என்று நினைத்தேன்.
இருட்டில் கால் எது.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு முழம் தள்ளி:
"பெரியம்மா, வெளிய வராதீங்க.
ஒயரோட போயிடறோம்."

பெரியம்மா.
போன தையில் அறுப்பு மிஷினோடு வந்து
மூணு நாள் என் கையால் சோறு வாங்கித் தின்றவனின்
மூக்கால் பேசுகிற குரல்.
இல்லை, அது மாதிரி ஒரு குரல்.
பலகைக் கதவு. கனம் ஒண்ணரை அங்குலம்.
கையில் அது இருந்திருந்தால்
இந்தத் தடவை பட்டிருக்கும்.
பன்றி ஓடியது.
இவன் நின்றுகொண்டிருந்தான்.

ரெண்டேகாலுக்கு ஜீப் வந்தது.
நாய் எழுந்து அவர்களைப் பார்த்துக் குரைத்தது.
டார்ச் அடித்து அறுந்த முனைகளைப் பார்த்தார்கள்.
"சத்தம் போட்டிருக்கலாம்ல."
"பேச்சுக்குரல் ஏதும் கேட்டுச்சா?"
நாக்கு நுனி வரைக்கும் ஒரு பேர் வந்தது.
கூட்ஸ் சத்தந்தான் சார் கேட்டுச்சு, என்றேன்.

காலையில் மனு ரசீது எழுதிய மரியலூயிஸ்
நேரம் ஒன்று நாற்பது என்று போட்டார்.
ஒன்று பத்து, என்றேன்.
"எங்களுக்குத் தகவல் வந்ததுதாம்மா நேரம்."
அந்த முப்பது நிமிஷத்துக்கு
ரசீது கேட்கத் தோன்றவில்லை.
அவர் முதுகுக்குப் பின்னால் கம்பிக் கதவு, பூட்டு,
வாசலில் பாரா.
உள்ளே என் துப்பாக்கி
ராத்திரி முழுக்க நன்றாகத் தூங்கியிருக்கும்.

ஓட்டு எண்ணி முடித்த பத்தாம் நாள் போய் வாங்கினேன்.
அதே சாக்கு. எண்ணெய் போட்டு வைத்திருந்தார், நல்ல மனுஷன்.
டவுன் பஸ்ஸில் கண்டக்டர்
"என்னக்கா, உலக்கையா?" என்றான்.
ஆமா என்றேன்.

கேட்டு போட்டிருந்தது.
மடியில் குறுக்காக அதை வைத்துக்கொண்டு
போகிற பெட்டிகளை எண்ணினேன். நாற்பத்திரண்டு.
பதினோரு நிமிஷம்.
அதற்குள் எத்தனை முழம் ஒயர் உருவலாம்,
கதவுக்கு வெளியே நின்று
எத்தனை தடவை பெரியம்மா என்று கூப்பிடலாம்
என்று கணக்குப் போட்டேன். பாதியில் விட்டேன்.

கேட்டு திறந்தது.
பஸ் உடனே கிளம்பவில்லை.