கதவு என்றால் மீன்

கோடியாக் தீவுக்கு மேற்கே ஒரு படகுத்துறையில்
கடைசி மேசையில் மீன் வெட்டுகிறேன்.
ராத்தலுக்கு நாற்பது சென்ட். தலை இனாம்.
ஹாலிபட்டை இங்கே யாரும் ஹாலிபட் என்று சொல்வதில்லை.

சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்தால்
அது பிங்பாங் மட்டை.
பிடித்தவர் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு
பக்கவாட்டில் நடந்து இறங்குவார்.

பதினைந்து ராத்தல் என்றால் கோழி.
நேற்று ஒஹாயோவிலிருந்து வந்த பல் மருத்துவர்
"ரெண்டு கோழி பிடிச்சேன்" என்று போனில் சொன்னார்.
அந்தப் பக்கம் நெடுநேரம் பேச்சில்லை.
பிறகு அவர் மனைவி கேட்டது
மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது:
"இதுக்கா மூணு விமானம் மாறிப் போனீங்க?"

அறுபது, எழுபது ராத்தல் மீனுக்கு
எந்தப் பட்டமும் கிடையாது.
நல்ல மீன், பாவம்,
நடுப்பிள்ளை மாதிரி
வந்ததும் தெரியாது, வெட்டுப்பட்டதும் தெரியாது.

நூறைத் தாண்டிவிட்டால் கதவு.
வீட்டுக் கதவு இல்லை,
டிராக்டர் நுழைகிற வைக்கோல் கொட்டகைக் கதவு.
இந்தக் கரையில் வைக்கோல் இல்லை, கொட்டகை இல்லை,
கதவு மட்டும்
கடலிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது,
பெரும்பாலும் வாய்வழியாக.

இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்கிற மீன் இது.
பிடிக்கிறவர்களுக்கும் அப்படித்தான்.
தராசு இருக்கும் பக்கம் பார்வை போகாது.

ஆனால் கரையில் வளர்கிற மீன்
வயர்லெஸ்ஸில் சுருங்கிப்போகும்.
"மாட்ரோனா, அங்கே எப்படி?"
"என்னத்தைச் சொல்ல, ஆர்விட். கோழி. வெறும் கோழி."
இதைச் சொல்கையில் லேசாகக் கொட்டாவி விடவேண்டும்.
கொட்டாவி ஒரு நொடி கூடிவிட்டால் போச்சு,
எட்டுப் படகும் மூக்கைத் திருப்பிக்கொண்டு
அவள் இருக்கும் இடத்துக்கு விரையும்.
எல்லாருக்கும் தெரியும்,
கோழி பிடிக்கிறவர்கள் புலம்புவார்கள்,
கதவு பிடிக்கிறவர்களுக்குத்தான் தூக்கம் வரும்.

போன வியாழன்
மாட்ரோனா லூகின் வெறும் படகோடு திரும்பினாள்.
ஐஸ் பெட்டியில் ஐஸ் மட்டும்.
துறையே சிரித்தது.
"கோழிகூடக் கொத்தலையா?" என்றான் ஆர்விட்.
"முட்டையாவது போட்டுதா?" என்றது அடுத்த படகு.
அவள் பதில் சொல்லாமல் கயிறு கட்டினாள்.
கட்டும்போது விரல்கள் நடுங்கின.

கைப்பிடிக் கம்பி உள்பக்கமாக வளைந்திருந்தது.
படகின் வெளிப்பக்கம், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே,
வழவழப்பு காய்ந்து வெள்ளையாய் ஒரு தடம்.
அவள் பார்க்காதபோது கைகளை விரித்து அளந்தேன்.
போதவில்லை.
நகர்ந்து நின்று இன்னொரு தரம் விரித்தேன்.

அந்த அளவில் இருந்தால் பெண்மீன்தான்.
வயிற்றுக்குள் எத்தனை லட்சம் மட்டைகளோ,
எத்தனை லட்சம் கோழிகளோ.

தலைகளை வாளியில் போட்டுக்கொண்டே
மெதுவாகக் கேட்டேன், "என்ன சைஸ்?"
"மட்டைதான், பிளாசிடோ" என்றாள்.
வாயைப் பொத்திக்கொண்டு
ஒரு நீளமான கொட்டாவி விட்டாள்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை.
ஆர்விட் இந்தப் பக்கம் வருவதற்குள்
ரப்பர்க் குழாயைத் திறந்து
அந்தத் தடத்தின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினேன்.
கழுவுற மீனில் நழுவுற மீன் என்று ஆளைச் சொல்வார்கள்.
பதினெட்டு வருஷத்தில் அன்றைக்குத்தான்
நழுவின மீனைக் கழுவினேன்.
கூலி வாங்கவில்லை.
ராத்தல் கணக்கு யாருக்குத் தெரியும்?