வலப்புறம் இறுகவில்லை

நவம்பரில் எபாக்ஸி ஊற்றினால் ஊற்றாது.
டப்பாவைக் கவிழ்த்தால்
யோசித்து யோசித்து இறங்கும்,
கடன் கேட்க வந்தவன்
வாசலில் நின்று தொண்டையைச் செருமுவதுபோல.

ஹீயுமா தீவில் மூன்றரை மணிக்கே இருட்டு.
ஐவாரின் கொட்டகைக்குள் இரண்டு டிகிரி.
டப்பாக்களை சௌனாவில் வைத்துச் சூடேற்றினோம்.
துண்டு சுற்றிய இரண்டு பெரியவர்களாக
மேல்பலகையில் உட்கார்ந்திருந்தன.
ஆறுவதற்குள் தூக்கிக்கொண்டு
முப்பது அடி பனியில் ஓட வேண்டும்.
ஓடும்போது எனக்குச் சிரிப்பு வந்தது.
ஐவார் சிரிக்கவில்லை.
தீவுக்கு வந்துபோகும் கப்பலில் எஞ்சின் பார்ப்பவர்,
சூடு ஆறுவதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

பதினான்கு அடிப் படகு.
பிளைவுட்டைச் செம்புக் கம்பியால் தைத்து
தையலின் மேல் பிசினும் மரத்தூளும் குழைத்து அப்பி
வெளியே கண்ணாடி இழைத்துணி.
கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பிளாஸ்டிக் கூடாரம்,
உள்ளே கோழிக்குஞ்சு விளக்குகள் இரண்டு.

திங்கள்கிழமை இடப்புறம் பூசினோம்.
செவ்வாய், வலப்புறம்.
அவர் துணியை நீவிவிட, நான் பம்பு அழுத்தினேன்.
பிசின் ஒன்று. ஹார்டனர் ஒன்று.
பிசின் இரண்டு. ஹார்டனர் இரண்டு.
போன் அடித்தது. கார்ட்லா மருத்துவமனை.

ஒன்றுமில்லை, என்றாள் அந்தப் பெண்.
வெறும் கொழுப்புக் கட்டிதான்.

நன்றி சொன்னேன்.
போனை மேலங்கிக்குள் போட்டேன்.
வந்ததையே யாரிடமும் சொல்லாத பயம்,
போய்விட்டதென்று யாரிடம் போய்ச் சொல்வது?
பம்பு கையிலிருந்தது. அழுத்தினேன்.
அழுத்திக்கொண்டே இருந்தேன்.

வியாழக்கிழமை காலை
இடப்புறத்தில் நகம் இறங்கவில்லை.
வலப்புறத்தில் என் கட்டைவிரல் ரேகை
அப்படியே பதிந்தது.

குளிர்தான், என்றேன் முதலில்.
ஐவார் தலையைக் குனிந்துகொண்டார்.
ராத்திரி ஒரு விளக்கை அணைத்துவிட்டேன், என்றார்.
மின்கட்டணம் அப்படி வருகிறது.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும்.

அவர் மூன்றாவது விளக்கு வாங்கிவந்தார்.
தன் படுக்கையிலிருந்த மின்கம்பளியை உருவி
வலப்புறத்துக்குப் போர்த்தினார்.
கம்பளிச் சட்டை இரண்டு போட்டுக்கொண்டு
தான் தூங்கினார் என்பதை
சனிக்கிழமை அவர் தும்மியபோது தெரிந்துகொண்டேன்.
படகு காய்ச்சல்காரியாகக் கிடந்தது.
தொட்டால் இன்னும் ஒட்டியது.

இரண்டு பக்கத்துக்கும் ஒரே குளிர்தானே.
எஞ்சின் பார்க்கிறவருக்கு இது தெரியாதா?

ஞாயிறு, சுரண்ட ஆரம்பித்தோம்.
சூடு காட்டக் காட்ட
துணி பாலாடையாகத் திரண்டு வந்தது.
அதற்கடியில், நாங்கள் ஒருமுறை தேய்த்து முடித்த மரம்,
பிசுபிசுப்பாக, யார் மேலும் கோபமில்லாமல்.

குளிர் இல்லை ஐவார், என்றேன்.
எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

சுரண்டுவதை அவர் நிறுத்தவில்லை.
எந்த இடத்தில்?

இரண்டுக்கு அப்புறம்.

ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.
கேட்கவில்லை.
ஏராவிலிருந்து ஒரு முழம் சுரண்டி முடித்தபிறகு
நானே சொன்னேன்:
கட்டி, ஊசி, மூன்று வாரம், அந்தப் போன்.

கையுறையைக் கழற்றினார்.
என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி மாட்டிக்கொண்டார்.
பிறகு கேட்டார்,
அப்படியானால் என் கம்பளியை நான் எடுத்துக்கொள்ளலாமா?

இந்தமுறை கொட்டகை நடுவில் நின்று
நான் சிரித்த சிரிப்புக்கு
பிளாஸ்டிக்கில் படிந்திருந்த ஈரம் உதிர்ந்தது.

புதன்கிழமை மறுபடி கலந்தோம்.
அழுத்தியது நான்.
எண்ணியது அவர், சத்தமாக,
கப்பலில் கார் ஏற்றுகிறவரின் குரலில்.

முதல் கோப்பையில் மீந்த கொஞ்சம்
என் கைக்குள்ளேயே சூடாகத் தொடங்கியது.
முதலில் இதமாக.
பிறகு தேநீர் அளவுக்கு.
பிறகு பிடிக்க முடியாமல்.
கதவைத் தள்ளி, வெளியே பனியில் வைத்தேன்.
புஸ்ஸென்று ஒரு சத்தம்.
தனக்கென்று ஒரு குழி பறித்துக்கொண்டு
கோப்பை கீழே இறங்கிப்போனது.

பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

உள்ளிருந்து ஐவார் கூப்பிட்டார்:
நாலில் நிற்கிறோம்.
நாலு.