கடன் கொடுத்தவர்

முதல் கட்டத்தில்
'கடன் கொடுத்தவர் பெயர்' என்று அச்சிட்டிருந்தது.
சவரிமுத்து சிரித்துவிட்டார்.
மனைவி பேரில் மூன்று குழுவில் வாங்கியவர்
பிறந்ததிலிருந்து இப்போதுதான்
யாருக்கோ கொடுத்திருக்கிறார்.

கேட்டுக்கு எதிரே
பூட்டிய பரோட்டாக் கடையின் பெஞ்சில்
உட்கார்ந்து எல்லாருக்கும் நிரப்பினேன்.
டைம் ஆபீசில் பதினொரு வருஷம்
வந்த நேரம் போன நேரம் எழுதிய கை.
எட்டு நிமிடத் தாமதத்துக்கு
அரை நாள் வெட்டியதும் இதே கை.
யாரும் அதைச் சொல்லவில்லை.
ஜெகபர் சாதிக் டீ வாங்கிவந்து வைத்தான்.

'ஆதாரம்' என்றொரு கட்டம்.
குணசீலன் முழுக்கைச் சட்டையை மடித்து
முழங்கை வரை தெறித்த தழும்புகளைக் காட்டினான்.
நகல் இணைக்க வேண்டும் என்றிருந்தது.

கரண்டைப் பிடுங்கிய ராத்திரி
உலைக்குள் ஆறு டன் குழம்பு.
ஊற்ற நேரம் தரவில்லை.
அப்படியே உறைந்து கிடக்கிறது.
ஏலப் பட்டியலில் அதற்குப் பெயர்
'உலை ஒன்று, உள்ளடக்கத்துடன்.'
அந்த உள்ளடக்கம் குணசீலனின் ஷிப்டு.

ரஞ்சன் மாஞ்சி கயாவிலிருந்து போன் செய்தான்.
பதிவேட்டில் அவன் பெயரை
மூன்று விதமாக எழுதிவைத்திருக்கிறேன்.
எதைப் போட என்றேன்.
காசு எதில் வருமோ அதை, என்றான்.

சென்னையிலிருந்து வந்த திவால் அதிகாரி
மரியாதையானவர், 'வாங்க, போங்க' என்றே பேசினார்.
முதலில் நடைமுறைச் செலவு,
அப்புறம் வங்கிகள்,
அப்புறம் இன்னும் சிலர்,
கான்ட்ராக்ட் ஆட்களுக்கு
மிச்சமிருந்தால்.
அமிர்தகடேசன் மட்டும் தலையாட்டினார்.
அவருக்கு நிரவிக்குக் கிழக்கே மூன்று மா நிலம்.
"மேட்டூர்ல தொறந்தாச்சுன்னு
பேப்பர்ல வந்துடும் சார்.
எங்க வாய்க்காலுக்கு வந்து சேர்றப்ப
நண்டுக் காலும் நனையாது."
அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார்.

இருட்டும்வரை எழுதினோம்.
நாலு மாதச் சம்பளம், ஓவர்டைம்,
பிடித்தும் கட்டாத பி.எஃப்.
சவரிமுத்துவின் கூட்டுத்தொகையில்
அரை நாள் சேர்த்தேன்.
அவர் கேட்கவில்லை, கவனிக்கவுமில்லை.
தேதி எனக்குத் தெரியும்.
திருமலைராஜன் ஆற்றுப் பாலத்தின்மேல்
அன்றைக்குத்தான் தண்ணீர் ஓடியது.
சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு
இடுப்பளவு நனைந்து வந்தார்.