முன்னொட்டு

லாபிஸ் பெரிய சாலை, டயர் கடைக்கு மேல் மாடி.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி போகும்போதெல்லாம்
தராசின் கடைசி இலக்கம் நடுங்கும்.
அது அடங்கிய பிறகுதான் உப்பை நிறுப்பேன்.

செம்பனையின் அடித்தண்டைத் தின்னும் காளானிடமிருந்து
ஒரு புரதத்தின் மரபணுவைக் களவாடி
பாக்டீரியாவுக்குள் வைத்திருக்கிறோம்.
மரம் சாயுமுன்னே நோய் தெரியவேண்டும்,
திட்டம் அவ்வளவுதான்.

பாக்டீரியா செய்தது. அள்ளி அள்ளிச் செய்தது.
செய்ததையெல்லாம் சுருட்டி
ஒரு மூலையில் கட்டியாய்ப் போட்டுவைத்தது,
விருந்தாளி வருமுன் அழுக்குத் துணியைக்
கட்டிலுக்கடியில் தள்ளுகிறவள் மாதிரி.
உடைத்துச் சுழற்றினால் தெளிந்த நீரில் ஒன்றுமில்லை.
அடியில் வெள்ளை வண்டல்.

முப்பத்தேழு டிகிரி, இருபத்தைந்து, பதினாறு.
இரவெல்லாம் குளிரில் குலுக்கினோம்.
வண்டல்.
முன்னால் எதையாவது ஒட்டிப் பார்ப்போம் என்றாள் ஹஸ்லிண்டா.

ஒட்டினோம்:
தண்ணீரில் கூச்சமின்றிக் கரைகிற,
இதைவிட மூன்று மடங்கு பெரிய ஒரு புரதம்.
இரண்டுக்கும் நடுவே
கிளைசின் கிளைசின் கிளைசின் செரின்.
தனக்கென்று பொருள் இல்லாத நான்கு.
'மரத்தை' என்று சொல்ல
மரத்துக்கும் ஐ-க்கும் இடையில் ஓர் 'அத்து' வருமே,
அந்தச் சாரியை மாதிரி.

வந்தது.
மாவுச்சத்துக் குழாயைப் பற்றிக்கொண்டு நின்றது,
சர்க்கரைத் தண்ணீர் ஊற்றியதும் கைவிட்டு இறங்கியது.
ஜெல்லில் தடித்த நீலக்கோடு.
ஹஸ்லிண்டா கீழே ஓடி
ஆறு பொட்டலம் தே ஓ ஐஸ் வாங்கிவந்தாள்.
இருந்தது மூன்று பேர்.

ஒட்டை வெட்டும் நொதி ஜெர்மனியிலிருந்து வந்தது,
உலர்பனி தீர்ந்துபோன பெட்டியில்.
உறைமேல் பெறுநர்: திருமதி ஏப்பி.
அடையாள அட்டையில்
யோகமலருக்கும் சின்னப்பையனுக்கும் நடுவே நிற்கும்
'அனாக் பெரெம்புவான்',
இரண்டெழுத்தும் ஒரு சாய்கோடுமாய்ச் சுருங்கியது,
கடல் தாண்டிக் குடும்பப் பெயராகியிருந்தது.
ஏப்பி என்றே கையெழுத்திட்டு வாங்கினேன்.

வெட்டினோம். நான்கு டிகிரியில் ஓர் இரவு.
காலையில் குப்பியை வெளிச்சத்தில் தூக்கினால்
அரிசி களைந்த நீர்.
ஒட்டு மேலே தெளிவாய், தனியாய், சௌக்கியமாய்.
எங்களுடையது அடியில், பழைய கட்டிலுக்கடியில்.

வெட்டாமல் விட்டுவிடலாம் என்றேன்.
'முயலுக்கு ஊசி போட்டால் ஒட்டையும் சேர்த்தல்லவா
பகைக்கக் கற்றுக்கொள்ளும்?' என்றான் தினகரேசன்.
தோட்டத்து மண்ணில் எந்தப் பாக்டீரியாவைக் கண்டாலும்
சோதனைக் கீற்று சிவக்கும்.
சரி, ஒட்டை மட்டும் தனியே செய்து
குழாயில் கட்டிவைத்து
முயலின் சீரத்தை அதன்வழி ஓடவிடுவோம்,
தேவையில்லாத பகையெல்லாம் அங்கேயே தங்கட்டும்.
இரண்டு மாத வேலை. மானியம் ஒன்றரை மாதத்துக்கு இருக்கிறது.

இன்று அறிக்கை அனுப்பினேன்.
ஏழாம் பத்தி: 'ஒட்டு நீக்கப்படவில்லை.'
ஏன் என்று எழுத இடமில்லை.
பெயர்க் கட்டத்திலும் இடம் போதவில்லை:
யோகமலர், சாய்கோடு, சின்னப்
என்பதோடு நின்றுவிட்டது.
கீழே இன்னொரு லாரி.